சிறுகுழுச் சமூகத்திறன் பயிற்சியின் வரலாறு: வியன்னா மருத்துவமனைக் கூடம் முதல் கலிபோர்னியக் கையேடு வரை

ஆய்வுச்சுருக்கம்

ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம் முதலிய நரம்பியல் வேறுபாடுகளைக் கொண்ட குழந்தைகளைச் சிறு குழுக்களாக அமர்த்திப் பிறருடன் பழகும் முறைகளைக் கற்பிக்கும் பயிற்சிகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. இப்பயிற்சி வடிவம் மாஸ்கோ, வியன்னா, நியூயார்க், வடகரோலினா, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய இடங்களில் உருப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தையின் பழகுதிறனை மதிப்பிடும் உரிமை எவரிடம் இருந்தது என்பதே இவ்வாய்வின் மைய வினா. அம்மதிப்பீடு மருத்துவரிடமிருந்து வகுப்புத் தோழரிடமும் பெற்றோரிடமும் பெயர்ந்ததையும், இறுதியில் ஆட்டிசம் உடையோரே அதனைக் கேள்விக்குட்படுத்தியதையும் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், சமூகத்திறன், குழுப்பயிற்சி, சமூக அளவையியல், நரம்பியல் பன்மை, இருவழிப் பரிவுச் சிக்கல்.

முன்னுரை

ஓர் அறையில் ஏழெட்டு வளரிளம் பருவத்தினர் அமர்ந்திருக்கின்றனர். பேசிக்கொண்டிருக்கும் இருவரிடையே மூன்றாமவர் எவ்வாறு சென்று சேர்வது என்பது அன்றைய பாடம். பயிற்றுநர் இருவர் முதலில் தவறாக நடித்துக் காட்டுகின்றனர்; பின்னர்ச் சரியாக நடித்துக் காட்டுகின்றனர். அதன்பின் மாணவர்கள் ஒவ்வொருவராக அதனைச் செய்து பார்க்கின்றனர். அடுத்த அறையில் அவர்களுடைய பெற்றோர் அதே பாடத்தை வேறு கோணத்தில் கற்றுக்கொண்டிருக்கின்றனர். வீட்டுப்பாடமும் உண்டு: அவ்வாரத்தில் குழுவினர் ஒருவருடன் தொலைபேசியில் உரையாட வேண்டும்.

இக்காட்சி இன்று இயல்பாகத் தோன்றுகிறது. நட்பு என்பது கற்பிக்கத்தக்கது, அதனைப் படிகளாகப் பிரிக்கலாம், பிரித்தவற்றை ஒத்திகை பார்க்கலாம், இறுதியில் பயனை எண்ணால் அளக்கலாம் என்னும் நான்கு கருத்துகள் இதற்குள் பொதிந்துள்ளன. நான்கும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு துறைகளில் பிறந்தவை. அவை ஒன்றுசேர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. ஆட்டிசம் என்பதற்குத் தமிழில் மதியிறுக்கம், தன்முடக்கம் போன்ற ஆக்கங்கள் வழங்குகின்றன. அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனையற்றோர் என்னும் தொடரும் இடம்பெறுகிறது. இவை ஒவ்வொன்றும் பெயராக மட்டுமன்றித் தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றன. மதி இறுகியவர், தன்னுள் முடங்கியவர், புற உலகைச் சிந்திக்காதவர் என்று அழைத்துவிட்ட பின்னர் அவர் உலகைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்று கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. எனவே இக்கட்டுரை ஆட்டிசம் என்னும் ஒலிபெயர்ப்பையே கையாள்கிறது.

மாஸ்கோவும் வியன்னாவும்

ஆட்டிச ஆய்வின் தொடக்கத்தை 1943-இல் லியோ கானர் வெளியிட்ட பதினொரு குழந்தைகள் பற்றிய கட்டுரையில் காண்பதே நெடுநாள் வழக்கம். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1925-இல், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அக்கட்டுரை 1926-இல் ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சிறுமியரைப் பற்றியும் அவர் எழுதினார். ஆங்கில உலகம் அவரை அறிந்தது 1996-இல் சூலா வுல்ஃப் செய்த மொழிபெயர்ப்பின் வழியேதான். நம் நோக்கில் இங்குக் கவனிக்கத்தக்கது, அச்சிறுவர்கள் மருத்துவமனையுடன் இணைந்த பள்ளியில் பயின்றவர்கள் என்பதாகும். உடற்பயிற்சி, ஓவியம், மரவேலை ஆகியவற்றின் ஊடே அவர்கள் பிற குழந்தைகளுடன் சேர்ந்திருந்தனர். அங்குப் பழகுதிறன் தனிப்பாடமாக இல்லை. வேலையின் உடன்விளைவாகவே கருதப்பட்டது.

வியன்னாவின் வரலாறு மேலும் சிக்கலானது. அந்நகரப் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் எர்வின் லாசர் 1911-இல் நிறுவிய குணமாக்கல் கல்விக் கூடம் மருத்துவத்தையும் கல்வியையும் ஒன்றாகக் கண்டது. அதன் அன்றாட ஒழுங்கை வகுத்தவர்களுள் முதன்மையானவர் விக்டோரின் சாக் என்னும் செவிலியர். இசையோடு கூடிய உடலசைவு, நாடகம், பாடம், விளையாட்டு என அங்கு நாள் நகர்ந்தது. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1935-இல் அக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். 1944-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் நான்கு சிறுவர்கள் விரிவாக விவரிக்கப்படுகின்றனர். அவர்களை நடத்தும் முறை பற்றி அதில் அவர் கூறியுள்ளவை இன்றைய பயிற்றுநர்க்கும் அந்நியமானவை அல்ல. உணர்ச்சியைத் தூண்டும் கட்டளைகள் அவர்களிடம் பலிப்பதில்லை. சினமோ கொஞ்சலோ கலவாத குரலில், எல்லார்க்கும் பொதுவான விதியைப் போலச் சொன்னால் ஏற்றுக்கொள்வர் என்றார். நாளின் பணிகளை நேரவாரியாக எழுதிவைக்கும் அட்டவணையின் பயனையும் சுட்டினார். இன்று சிறப்புப் பள்ளிகளின் சுவரில் தொங்கும் பட அட்டவணைகளுக்கு அது ஒரு முன்னோடி எனலாம்.

ஆயினும் இந்த ஆண்டுகளில் வியன்னாவில் குழந்தைகளுக்கு வேறொன்றும் நிகழ்ந்துகொண்டிருந்தது. நாஜி ஆட்சியில் அம் ஷ்பீகல்குருண்ட் என்னும் நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை ஏறத்தாழ 800 குழந்தைகள் இறந்தனர். அவர்களுள் பலர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டவர்கள். ஹெர்விக் செக் 2018-இல் வெளியிட்ட ஆவண ஆய்வு, ஆஸ்பெர்கர் அந்நிறுவனத்துக்குக் குழந்தைகளை அனுப்பியதை உறுதிப்படுத்தியது. அவர்களுள் ஒருத்தி மூன்று வயது நிரம்பாத சிறுமி. 1941-இல் அனுப்பப்பட்ட அவள் சில மாதங்களுள் இறந்தாள். ஆஸ்பெர்கர் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்ததில்லை. குழந்தைகளைக் காத்தவர் என்றே போருக்குப் பின்னர் நெடுங்காலம் போற்றப்பட்டவர். அப்படிமம் செக்கின் ஆய்வோடு சரிந்தது.

எடித் ஷெஃபர் அதே ஆண்டில் வெளியிட்ட நூலில் முன்வைக்கும் வாதம் நம் பொருளுடன் நேரடித் தொடர்புடையது. கெம்யூட் என்னும் ஜெர்மன் சொல் அக்கால வியன்னா மருத்துவத்தில் பிறருடன் உள்ளத்தால் ஒன்றும் ஆற்றலைக் குறித்தது. இனக்குழுவுடன் ஒட்டி உறவாடும் ஆற்றலே மனிதரின் மதிப்பு என்று ஆட்சி கருதியபோது, ஒட்டாத குழந்தை என்னும் நோயறிதல் வாழ்வா சாவா என்னும் முடிவின் ஒரு பகுதியாயிற்று என்கிறார் அவர். ஷெஃபரின் வாதம் சில இடங்களில் சான்றுகளைக் கடந்து செல்வதாக விமர்சிக்கப்பட்டதுண்டு. ஆஸ்பெர்கரின் கருத்தாக்கம் முழுவதையும் நாஜிச் சிந்தனையின் விளைவாகக் கொள்வது எனக்கும் மிகையாகவே படுகிறது. அதன் பல கூறுகள் 1938-க்கு முந்தைய கூடத்தின் பொதுச் சொத்தாகும். அக்கூடத்தில் பணியாற்றிய யூத மருத்துவரான கியோர்க் ஃபிராங்கல் அமெரிக்கா சென்று 1938-இல் கானருடன் சேர்ந்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. எனினும் பழகுதிறன் என்னும் அளவுகோல் தன்னளவில் தீங்கற்றது என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு எச்சரிக்கையாக நிற்கிறது. விக்டோரின் சாக் 1944-இல் குண்டுவீச்சில் மாண்டார்; கூடமும் அழிந்தது.

நடிப்பும் வரைபடமும்

வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற இன்னொரு மரபு உண்டு. சமூகத்திறன் பயிற்சி பற்றிய நூல்கள் அதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஜேக்கப் மொரேனோ மருத்துவ மாணவராக இருந்தபோது வியன்னாப் பூங்காக்களில் குழந்தைகளைக் கூட்டிக் கதை சொல்லி, அவர்களையே நடிக்கச் செய்தவர். 1925-இல் அமெரிக்காவில் குடியேறினார். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் இருந்த சிறுமியர் சீர்திருத்தப் பள்ளியில், ஒரே குடிலில் யாருடன் சேர்ந்து வாழ விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு, விடைகளைக் கோடுகளாக வரைந்தார். பல கோடுகள் வந்து சேரும் புள்ளிகளும், ஒரு கோடும் வாராத புள்ளிகளும் அவ்வரைபடத்தில் தோன்றின. 1934-இல் வெளிவந்த அவருடைய நூல் சமூக அளவையியல் என்னும் துறையைத் தொடங்கிவைத்தது.

மொரேனோ விட்டுச்சென்றவை இரண்டு. ஒன்று, ஒரு நிலைமையை நடித்துப் பார்த்துக் கற்றல். மற்றொன்று, தனித்து நிற்கும் குழந்தை யார் என்பதை அறிய மருத்துவரைக் கேளாமல் உடனிருக்கும் குழந்தைகளையே கேட்டல். இரண்டும் பின்னர்ப் பிரிந்து வேறு வேறு வழிகளில் சென்றன. முதலாவது பயிற்சி முறையாயிற்று. இரண்டாவது ஆய்வுக் கருவியாயிற்று.

அதே 1934-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஸ்லாவ்சன் செயல்வழிக் குழுச்சிகிச்சையைத் தொடங்கினார். கைவினைப் பொருள்களை அறையில் பரப்பிவைத்துக் குழந்தைகளைத் தம் போக்கில் விடுவார். தலைவர் குறுக்கிடுவது அரிது. ஆனால் குழுவில் சேர்வதற்குச் சமூகப் பசி இருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த தகுதி. பசியற்றவர்க்குப் பந்தியில் இடமில்லை. ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கு அப்பசியே இல்லை என்று அக்கால மருத்துவம் நம்பியதால், குழுமுறை அவர்களை அணுகாமலே பல ஆண்டுகள் கழிந்தன. இடைக்காலத்தில் தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்னும் கொள்கை ஓங்கி நின்றது. 1964-இல் பெர்னார்டு ரிம்லண்ட் அதனை எதிர்த்து எழுதினார். அதன்பின் எழுந்த நடத்தையியல் பயிற்சிகளும் ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்றுநர் என்னும் வடிவிலேயே அமைந்தன.

நட்பைப் படிகளாகப் பிரித்தல்

1960-களின் பிற்பகுதியில் ஆல்பர்ட் பாண்டுராவின் முன்மாதிரிக் கற்றல் கொள்கை பள்ளிகளுக்குள் நுழைந்தது. ராபர்ட் ஓகானர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல சான்று. மழலையர் பள்ளியில் ஒதுங்கியிருந்த குழந்தைகளுக்கு 23 நிமிடப் படம் ஒன்று காட்டப்பட்டது. ஒரு குழந்தை பிறர் விளையாட்டைப் பார்த்து நிற்பதும், பின்னர்ச் சேர்ந்துகொள்வதும், அதனால் மகிழ்வதும் பல காட்சிகளாக அதில் வந்தன. படம் பார்த்த குழந்தைகள் பிறருடன் கலந்து பழகுவது கூடியது.

இதனினும் முக்கியமானது 1977-இல் ஷெர்ரி ஓடனும் ஸ்டீவன் ஆஷரும் வெளியிட்ட ஆய்வு. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எவரும் விரும்பாத குழந்தைகளை மொரேனோவின் வழியில் கண்டறிந்தனர். விளையாட்டில் பங்கேற்றல், விட்டுக்கொடுத்தல், பேசுதல், உடன் விளையாடுபவரை ஊக்குவித்தல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்து, விளையாட விட்டு, பின்னர் அதைப் பற்றி உரையாடினர். வகுப்புத் தோழர்கள் அக்குழந்தைகளை விளையாட்டுத் தோழராக ஏற்கும் அளவு உயர்ந்தது; ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் நிலைத்திருந்தது. பயிற்சி பெற்றவரின் முன்னேற்றத்தை அவர்தம் தோழர்களே மதிப்பிட்டனர் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இந்த நேர்மை தேய்ந்தது.

ஆர்னால்டு கோல்ட்ஸ்டைன் தம் குழுவினருடன் உருவாக்கிய திறன்வரிசைப் பயிற்சி நூல்கள் 1980 முதல் வெளிவந்தன. முன்மாதிரி, நடிப்பு, பின்னூட்டம், வாழ்வில் பயன்படுத்துதல் என்னும் நான்கு படிநிலைகள் அவற்றில் நிலைபெற்றன. நன்றி கூறல், உதவி கேட்டல், கேலியை எதிர்கொள்ளல் என ஒவ்வொரு திறனும் சில எளிய வாக்கியங்களாக உடைக்கப்பட்டது. சமூக வாழ்வு முதன்முறையாகப் பாடநூல் வடிவம் பெற்றது.

இவை எவையும் ஆட்டிசத்தை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. அத்திருப்பம் வடகரோலினாவில் நேர்ந்தது. எரிக் ஷாப்ளர் தலைமையில் 1972-இல் மாநிலத் திட்டமாக உருவான டீச் அமைப்பில் பணியாற்றிய கேரி மெசிபோவ், பேச்சுத்திறன் உடைய ஆட்டிச வளரிளம் பருவத்தினர்க்கும் பெரியவர்க்குமான குழுப்பயிற்சி மாதிரியை 1984-இல் வெளியிட்டார். அவர் நாடியது திறன் மட்டுமன்று; பிறருடன் கூடியிருத்தல் மகிழ்ச்சியான அனுபவமாக அமைய வேண்டும் என்பதும்கூட. அந்த இரண்டாம் நோக்கம் அளப்பதற்கு அரியது. அதனாலோ என்னவோ, அடுத்து வந்த கையேடுகளில் அது ஓரங்கட்டப்பட்டது.

திருப்பம் அப்போது நேர்ந்ததற்கு இலண்டனிலும் ஒரு காரணம் இருந்தது. லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் 1979-இல் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து, ஒதுங்கியிருப்போர், அழைத்தால் வருவோர், தாமே முனைந்தும் விந்தையாகப் பழகுவோர் என மூவகையினரைக் காட்டினர். மூன்றாம் வகையினரிடம் ஸ்லாவ்சன் கேட்ட பசி இருந்தது. பந்தி முறைமைதான் தெரியவில்லை. 1981-இல் விங் ஆஸ்பெர்கரின் பெயரை மீட்டெடுத்தார். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் அந்நோயறிதலைச் சேர்த்துக்கொண்டது. பொதுப்பள்ளிகளில் பயிலும், சரளமாகப் பேசும், நண்பர்களற்ற பெருந்தொகையினர் ஒரே பெயரின்கீழ் வந்து சேர்ந்தனர். கையேடுகளுக்கு வாசகர் கிடைத்தனர். 2013-இல் அப்பெயர் வகைப்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட போதிலும் பயிற்சிகள் நின்றுவிடவில்லை.

லெகோ கட்டைகள்

ஹவாயின் ஹொனலுலுவில் உளவியலாளராக இருந்த டேனியல் லகாஃப், தம் காத்திருப்பு அறையில் இரு சிறுவர்கள் தாம் கொண்டுவந்த லெகோ கட்டுமானங்களை ஒருவருக்கொருவர் காட்டி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டார். உள்ளே அவர் எத்தனை முயன்றும் வெளிப்படாத உரையாடல் வெளியே தானாக நிகழ்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து அவர் வகுத்த முறையில் ஒருவர் பொறியாளர், ஒருவர் பொருள் வழங்குநர், ஒருவர் கட்டுநர். பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வழங்குநர் உரிய கட்டையைத் தேடித் தர வேண்டும். கட்டுநர் பொருத்த வேண்டும். பேசாமல் வீடு எழாது. 47 குழந்தைகளிடம் கண்ட பயனை அவர் 2004-இல் வெளியிட்டார்.

சுகரேவாவின் மரவேலைக் கூடத்திலிருந்து இது வெகுதொலைவு அன்று. குழந்தையின் ஆர்வத்தைக் குறையாகக் கருதி விலக்காமல், அதனையே பழக்கத்துக்கு அடித்தளமாக்கியது இம்முறையின் சிறப்பு. கையேட்டு மரபினும் இதுவே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் என் விருப்பம் சான்றாகாது. இங்கிலாந்தில் 98 பொதுப்பள்ளிகளைச் சேர்ந்த 250 குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2023-இல் வெளிவந்த சமவாய்ப்பு ஆய்வில் கிடைத்த முன்னேற்றம் சிறிதளவே.

பியர்ஸ் கையேடு

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஃபிரெட் ஃபிராங்கல், பெற்றோர் துணையுடன் குழந்தைகளுக்கு நட்புப் பயிற்சி அளித்துவந்தார். எலிசபெத் லாகெசன் அவருடன் இணைந்து வளரிளம் பருவத்தினர்க்காக அதனை விரித்ததே பியர்ஸ். 13 முதல் 17 வயது வரையிலான 33 பேரிடம் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கையேடு 2010-இல் அச்சாயிற்று. முன்னுரையில் விவரித்த அறை இதன் அறைதான்.

பியர்ஸின் தனித்தன்மை அதன் விதிகளின் ஊற்றில் உள்ளது. பெரியவர்கள் நல்லவை எனக் கருதும் அறிவுரைகளை அது தவிர்க்கிறது. சக மாணவரிடையே ஏற்புப் பெற்றோர் உண்மையில் என்ன செய்கின்றனர் என்பதிலிருந்து விதிகளை வகுக்கிறது. கேலிக்கு ஆளாகும் குழந்தைக்குப் பெரியவர் வழக்கமாகக் கூறும் அறிவுரை, கண்டுகொள்ளாதே, ஆசிரியரிடம் சொல் என்பது. பியர்ஸ் அவ்வாறு சொல்வதில்லை. அது பொருட்டே அன்று என்பதுபோல ஓர் அலட்சியமான குறுமொழியும் தோள் குலுக்கலும் தந்து விலகச் சொல்கிறது. நடைமுறையறிந்த அறிவுரை இது. விருந்தினராக வரும் நண்பருடன் எவ்வளவு நேரம் செலவிடுவது, எதை விளையாடுவது என்பவற்றைப் பெற்றோர் திட்டமிட உதவுவதும் அவ்வாறானதே.

கொரியாவிலும் இஸ்ரேலிலும் இதன் தழுவல்கள் கட்டுப்பாட்டுக் குழுவுடன் ஆராயப்பட்டுள்ளன. ஜெர்மனியில் உருவான கொண்டாக்ட் என்னும் பிறிதொரு குழுப்பயிற்சி சுவீடனில் 13 மருத்துவ மையங்களில் 296 பேரிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. பெற்றோர் மதிப்பீட்டில் வளரிளம் பருவத்தினரிடமும் சிறுமியரிடமும் மட்டுமே தெளிவான பயன் தெரிந்தது.

எவரைக் கேட்பது?

பிரையன் ரைக்கோவும் அவருடைய குழுவினரும் 2012-இல் செய்த காக்ரேன் தொகுப்பாய்வில் தகுதி பெற்ற ஆய்வுகள் ஐந்து; பங்கேற்றோர் மொத்தம் 196. சமூகத்திறனிலும் நட்பின் தரத்திலும் ஓரளவு முன்னேற்றம் உண்டு என்பது அதன் முடிவு. 2017-இல் ஜாக்லின் கேட்ஸ், எரின் காங், மேத்யூ லெர்னர் ஆகிய மூவரும் 19 சமவாய்ப்பு ஆய்வுகளைத் தொகுத்தபோது படம் தெளிவாயிற்று. பங்கேற்ற இளையோர் தம்மைப் பற்றிக் கூறியவற்றில் பயன் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அப்பயன், எப்படி நடக்க வேண்டும் என்று தாம் அறிந்துகொண்டதைப் பற்றியது. தாம் அவ்வாறு நடப்பதைப் பற்றியதன்று. பெற்றோர் மதிப்பீட்டில் சிறு பயன் தெரிந்தது. ஆசிரியர் மதிப்பீட்டில் பயனே தெரியவில்லை.

இதனை எவ்வாறு புரிந்துகொள்வது? பயிற்சியில் பங்கேற்ற பெற்றோர் மாற்றத்தைக் காண விரும்புவர் என்பது ஒரு விளக்கம். ஆசிரியர் நெரிசலான வகுப்பில் நுட்பமான மாற்றத்தைக் காணார் என்பது மற்றொன்று. மூன்றாவது விளக்கம் சற்றுக் கசப்பானது: குழந்தை கற்றுக்கொண்டது, ஆனால் சென்று சேரும் இடம் மாறவில்லை. ஒருமுறை ஒதுக்கப்பட்டவன் மறுநாள் முறைப்படி வணக்கம் கூறினாலும், அவனைப் பற்றிய எண்ணம் வகுப்பில் முன்னரே உறைந்திருக்கும்.

மூன்றாம் விளக்கத்துக்கு வலுவூட்டுவது கான்னி கசாரியின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. 30 பள்ளிகளின் 56 வகுப்புகளில் பயின்ற 60 ஆட்டிசக் குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். சிலருக்குத் தனியே திறன் கற்பிக்கப்பட்டது. வேறு சிலர்க்கு எதுவும் கற்பிக்காமல், அவர்தம் வகுப்புத் தோழர் மூவர்க்கு, விளையாட்டிடத்தில் தனித்திருப்பவரை எவ்வாறு சேர்த்துக்கொள்வது என்று கற்பிக்கப்பட்டது. நட்பு வரைபடத்தில் அக்குழந்தைகளின் இடம் உயர்ந்ததும், விளையாட்டிடத்தில் தனிமை குறைந்ததும் தோழர்க்குக் கற்பித்த வழியிலேதான். கனடாவில் அமோரி மிக்காமி கவனக்குறைவு மிகையியக்கம் உடைய குழந்தைகளின் வகுப்பாசிரியர்க்கும் உடன் பயில்வோர்க்கும் அளித்த பயிற்சியும் இத்திசையிலேயே அமைந்தது. மொரேனோவின் வரைபடம் எண்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தன் பணியைச் செய்தது. கோடு வாராத புள்ளியைத் திருத்துவதினும், கோடு புறப்படும் புள்ளிகளைத் திருத்துவது பயனளித்தது.

மறுபக்கத்தின் குரல்

ஆட்டிசம் உடையோர் இவ்வரலாற்றில் பேசத் தொடங்கியது 1990-களில். ஜிம் சின்கிளேர் 1993-இல் பெற்றோர்க்கு எழுதிய, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்னும் பொருளுடைய தலைப்புக் கொண்ட உரை பரவலாக அறியப்பட்டது. அவரும் தோழர்களும் 1996 முதல் ஆட்ரீட் என்னும் கூடுகையை நடத்தினர். அங்கு வந்தோர் வண்ண அட்டைகளை அணிந்தனர். பச்சை எனில் என்னுடன் பேச வரலாம். மஞ்சள் எனில் முன்பே அறிந்தவர் மட்டும். சிவப்பு எனில் இப்போது எவரும் வேண்டாம். பிறர் முகத்தைப் படித்து உட்கருத்தை ஊகிக்கும் திறனைக் கற்பிப்பதற்கு மாறாக, ஊகிக்க வேண்டிய தேவையையே அந்த அட்டை நீக்கிவிட்டது. சமூகத்திறன் வரலாற்றில் பியர்ஸ் கையேட்டுக்கு நிகரான கண்டுபிடிப்பு இது என்பேன். ஆய்விதழ்களில் அதற்குரிய இடம் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உடைய சமூகவியலாளர், 2012-இல் இருவழிப் பரிவுச் சிக்கல் என்னும் கருத்தை முன்வைத்தார். புரியாமை ஒருவரின் மூளைக்குள் இல்லை, இருவேறு மனப்பாங்குடையோர் சந்திக்கும் இடத்தில் உள்ளது. ஆனால் பழி ஒருவர் மேல் மட்டுமே விழுகிறது என்பது அதன் சாரம். நோவா சாசனும் பிறரும் 2017-இல் காட்டியபடி, ஆட்டிசம் உடையவரின் சில நொடிக் காட்சியைப் பார்த்தவுடனேயே பிறர் அவருடன் பழகத் தயங்கினர். கேத்தரின் கிராம்டன் குழுவினர் 2020-இல், ஒரு செய்தியை எட்டுப் பேர் கைமாற்றும் சோதனையில், ஆட்டிசம் உடையோர் தமக்குள் அதனைப் பிறர்க்கு இணையாகக் கடத்தினர் என்றும், கலப்புக் குழுவில்தான் செய்தி சிதைந்தது என்றும் கண்டனர். அதே குழுவினர் 2025-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் மூவகைக் குழுக்களுக்கும் இடையே அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. எனவே முதல் முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது முறையன்று. இரண்டாம் முடிவும் ஆட்டிசத் தகவல்தொடர்பு குறையுடையது என்னும் பழைய கருத்துக்குத் துணைவரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இக்குரல் குழுப்பயிற்சியை முற்றிலும் மறுக்கிறதா? சிலர் மறுக்கின்றனர். கண்ணைப் பார், கையை அசைக்காதே என்று பயிற்றுவிப்பது தன்னை மறைத்து வாழப் பயிற்றுவிப்பதாகும் என்கின்றனர். அவ்வாறு மறைத்து வாழ்வது மனச்சோர்வுடனும் தற்கொலை எண்ணங்களுடனும் தொடர்புடையது என்பதை 2018-இல் சாரா காசிடியின் ஆய்வு சுட்டியது. மறுபுறம், பியர்ஸ் போன்ற பயிற்சிக்கு விரும்பி வரும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தனிமையும் மெய்யானது. உலகம் மாறும்வரை காத்திரு என்று அப்பிள்ளையிடம் சொல்ல முடியாது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் முயற்சி அரிது. கிறிஸ்டி பொட்டெமா-பியூட்லரும் பிறரும் 2018-இல் பயிற்சிப் பாடத்திட்டங்களை உரையாடலியல் நோக்கில் ஆராய்ந்து, அவற்றின் விதிகள் மக்கள் உண்மையில் பேசிக்கொள்ளும் முறையோடு பொருந்துவதில்லை எனக் காட்டினர். விதியின்படி பேசும் குழந்தை, விதியின்படி பேசுவதனாலேயே வேறாகத் தெரியக்கூடும்.

தமிழ்ச் சூழலில் எழும் ஒரு வினா

இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக அதனை ஏற்றது. சட்டம் வந்தபின் கையேடுகளும் வரும். அமெரிக்கக் கையேட்டைத் தமிழாக்கிப் பயன்படுத்த முற்படுவோர் முதல் பாடத்திலேயே இடறுவர்.

ஆங்கிலத்தில் உரையாடலில் நுழைபவர் முன்னிலைப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தமிழில் வாய் திறக்கும் முன்னரே நீ, நீங்கள் என்னும் தேர்வு காத்திருக்கிறது. வா, வாங்க, வாடா, வாப்பா என வினைமுற்றும் விளியும் அதனைப் பின்தொடர்கின்றன. அண்ணன் என்பதா, பெயர் சொல்வதா என்பது வயது, வகுப்பு, உறவு, ஊர் வழக்கு ஆகியவற்றைப் பொறுத்தது. சாதியைப் பொறுத்தும் அது நெடுங்காலம் இருந்துவந்துள்ளது என்பதை மறைக்க இயலாது. எல்லாரையும் நீங்கள் என்றழைக்கும் ஒரு குழந்தை வகுப்புத் தோழரிடையே நகைப்புக்கு ஆளாகலாம். எல்லாரையும் நீ என்றழைக்கும் குழந்தை தலைமையாசிரியரிடம் அடி வாங்கலாம். இதற்கான பாடம் பியர்ஸில் இல்லை, இருக்கவும் முடியாது. கேலிக்குத் தோள் குலுக்கி அலட்சிய மொழி கூறும் உத்தியும் அவ்வாறே. கேலி செய்தவர் உடன் பயில்பவராயின் அது பலிக்கலாம். மாமன் முறையுள்ள ஒருவர் திருமண வீட்டில் செய்த கேலிக்கு அதே விடை திமிராகவே கொள்ளப்படும். அந்தக் கேலி உறவின் உரிமை. அதற்கு நாணிச் சிரிப்பதே எதிர்பார்க்கப்படும் விடை.

லாகெசனின் விதிகளைக் கடன் வாங்குவதினும் அவருடைய வழியைக் கடன் வாங்குவது பொருத்தமானது. ஏற்புப் பெற்ற பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கின்றனர் என்று பார்த்து எழுதுவதே அவ்வழி. மதுரைக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மதிய உணவு வரிசையில், சென்னையின் தனியார் பள்ளிப் பேருந்தில், கிராமத்துக் கபடித் திடலில் பதின்மூன்று வயதினர் ஒருவரோடொருவர் எவ்வாறு பேச்சைத் தொடங்குகின்றனர் என்பதை மொழியியலாளரும் சமூகவியலாளரும் ஒலிப்பதிவு செய்து பகுத்துக் காட்டலாம். தமிழ்த் துறைகளில் வழக்காற்றியலும் பேச்சுவழக்கு ஆய்வும் பயின்றோர்க்கு இது அந்நியமான பணியன்று. அப்பதிவுகளைக் கேட்டுக் கருத்துரைக்க அமரும் குழுவில் மருத்துவரும் பெற்றோரும் இருப்பர். அவர்களோடு, தம் பள்ளி நாள்களில் உணவு வேளையைத் தனியே கழித்து வளர்ந்த தமிழ் ஆட்டிச இளைஞர் இருவர் மூவரேனும் இருக்க வேண்டும். எந்த நொடியில் பேச்சு தம்மைக் கடந்து சென்றது என்பதை அந்த ஒலிப்பதிவில் சுட்டிக்காட்ட அவர்களால் இயலும்.